பதினேழாவது கேள்வி

மழைக்காலத்தில் ஆஸ்பத்திரித் துணியைக் காயவைப்பதுபோல் உயிரை வாங்குகிற வேலை வேறு கிடையாது. வீட்டுத் துணி என்றால் ஈரத்தோடு உதறிக் கட்டிக்கொண்டு போய்விடலாம். ஆபரேஷன் மேஜைக்கு விரிக்கிற துணியை அப்படிக் கொடுக்க முடியுமா? தொட்டியில் போட்டுக் கொதிக்கவைத்து, மூன்று தண்ணீரில் அலசி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிந்து, கூடத்துக்குள்ளேயே கொடி கட்டி, கீழே கரியடுப்பு மூட்டி, ஒரு பக்கம் உலர்ந்ததும் மறுபக்கம் திருப்பிப் போடவேண்டும். உள்ளே போன ஆளும் அரைவேக்காடாகத்தான் வெளியே வருவார். அந்தச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருஷமாக வெந்துகொண்டிருந்தாள் இளையவள்.

வீட்டில் அக்காவும் தங்கையுமாக இரண்டே பெண்கள். பெற்றவர்கள் மூத்தவள், இளையவள் என்று கூப்பிட்டதை ஊரும் பிடித்துக்கொண்டது. ஐம்பத்துநாலு வயதாகி, தலை நரைத்து, ஒரு பேரனையும் போட்டோவில் பார்த்தாகிவிட்டது. இன்னமும் அவள் இளையவள்தான்.

வார்டுக்கு ஒரு மூட்டை வரும். பிரிக்காமலே எந்த வார்டு மூட்டை என்று வாசனையில் சொல்லிவிடுவாள். ஒரு காலத்தில் பிரசவ வார்டிலிருந்து மட்டும் நாளைக்கு எண்பது விரிப்பு வந்தது. கட்டில் போதாமல் தாழ்வாரத்தில் படுத்துக்கிடந்தவர்களுடையதும் அதில் சேர்த்தி. இரண்டு பேர் தூக்கமாட்டாமல் தூக்கிவருவார்கள். இப்போது வருவது ஏழு, எட்டு. ஊரில் பிள்ளைப்பேறு குறைந்துவிட்டது என்று பேப்பர்காரர்கள் கண்டுபிடித்து எழுதுவதற்குப் பத்து வருஷம் முன்பே அவள் கைக்கு அது தெரியும்.

"இன்னைக்கும் ஏழுதானாக்கா?" என்றான் இஸ்திரிக்காரன். கூடத்தின் மறுகோடியில் நின்று இருபது வருஷமாக இஸ்திரி போடுகிறவன், வாய் மட்டும் ஓயாது.

"ஏழுதான். ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

"போற போக்கைப் பார்த்தா இந்த ஊர்ல ஒரு பிள்ளை பிறந்தா ஆஸ்பத்திரிக்கே லீவு விட்டுக் கொண்டாடணும்போல. அன்னைக்குப் பெத்துக்காதே பெத்துக்காதேன்னு உசுரை எடுத்தானுங்க. இன்னைக்கு மூணாவது பெத்தா உதவித்தொகையாம், வீடு கட்டித் தர்றதுல முன்னுரிமையாம். வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்கான், பாத்தியா?"

"பாத்தேன்."

"வேணாம்னா ஒரேயடியா வேணாம், வேணும்னா உடனே வேணும். பிள்ளை என்ன, குழாயைத் திறந்தா கொட்டுறதா?"

இளையவள் சிரித்தாள். நனைந்த விரிப்பின் முனையை அவனிடம் கொடுத்துவிட்டுத் தன் முனையை முறுக்கினாள். தண்ணீர் காலடியில் கொட்டியது.

"அரைநாள் லீவு சொல்லியிருக்கியாமே?"

"எங்க தெருவுக்கு இன்னைக்கு ஆள்கணக்கு எடுக்க வர்றாங்க."

"யாரு வர்றது?"

"எங்க அக்கா பொண்ணு. டீச்சரா இருக்காளே, பொடிசு. அவதான்."

அக்கா பொண்ணு. இருபத்துநாலு வருஷமாக இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவருகிறாள். கடையில் சொல்லியிருக்கிறாள், பஸ்ஸில் சொல்லியிருக்கிறாள், பள்ளிக்கூட வாசலில் மற்ற தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவையாவது நாக்கு சுளுவாகச் சொல்லியிருக்க வேண்டுமே! ஒவ்வொரு தடவையும் தொண்டைக்குள் ஒரு முள் இருக்கிறமாதிரிதான் இருந்தது. அந்த முள் வெளியே தெரியாமல் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். மழை விட்டு விட்டுத் தூறியது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வரும்போது கூட்டமாக இருந்தது. நாலு மாடி உயரத் தொட்டி. அதன் வயிற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு "இரண்டே போதும்" என்று எழுதி, அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண் என்று நாலு சிரித்த முகங்களையும் வரைந்திருந்தார்கள். சாரம் கட்டி ஏறிய பெயின்டர்கள் அதன்மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். பையனும் பெண்ணும் ஏற்கெனவே போய்விட்டார்கள். அப்பாவுக்கு மீசை வரைக்கும் வெள்ளை ஏறியிருந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றவர் அவள் புருஷன். தண்ணீர் வாரியத்தில் மோட்டார் போடுகிற வேலையில் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் மோட்டார்காரர்.

"பாத்தியா அநியாயத்தை? ஈரத்துல வெள்ளை அடிக்கிறானுங்க. நிக்குமா அது?"

"நிக்கலைன்னா திரும்ப அடிப்பாங்க. வாங்க வீட்டுக்கு."

"அதுல தப்பா என்ன எழுதியிருந்துச்சுங்கறேன்? ரெண்டுன்னு நிறுத்தினதாலதான் இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு குழாய் வந்துச்சு. இல்லேன்னா ஒரு குடத்துக்கு நாலு மண்டை உடைஞ்சிருக்கும்."

அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அவர் வேலையில் சேர்ந்த காலத்தில் ஊருக்குத் தண்ணீர் இரண்டு மணி நேரம். குடங்கள் தொட்டியடியிலிருந்து கடைவீதி வரைக்கும் வரிசையில் நிற்கும். எந்தத் தெருவுக்கு முதலில் திறப்பது என்று அவர் கையில் இருந்த சாவியை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை, பச்சைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி, குடம் நிறையும் முன் தண்ணீர் நின்றுவிட்டதற்காக அவர் முகத்தில் காறித் துப்பினாள். அவர் துடைத்துக்கொண்டு வந்து, "அவ மேல தப்பில்ல. தொட்டி ஒண்ணு, வாய் ஆயிரம். என்ன பண்ணுவா?" என்றார். அப்புறம்தான் தொட்டியில் அந்த எழுத்து ஏறியது. சட்டமும் கூடவே வந்தது. அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டுக்கு மேல் பிறந்தால் வேலை போகும். பக்கத்து ஊரில் மோட்டார் போட்ட ஒருவருக்கு மூன்றாவது பிறந்த அடுத்த மாதமே சீட்டுக் கிழிந்தது. அவர் பெண்சாதி வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுததை இளையவள் கண்ணால் பார்த்தாள்.

பார்த்த ஆறாவது மாதம் அவளுக்கே நாள் தள்ளிப்போனது. பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஆறு.

கொதிதொட்டிச் சூட்டில் மாதக்கணக்குத் தவறுவது சலவைக்கூடத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. அதனால் அவள் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டபோது நாலு மாதம். "கலைச்சிடலாம்" என்றார் மோட்டார்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. மூன்று நாள் அவள் வாயே திறக்கவில்லை. நாலாம் நாள் மூன்று தெரு தள்ளியிருந்த அக்கா வீட்டுக்குப் போனாள். மூத்தவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம், வயிறு திறக்கவில்லை. "உன் பேர்ல பெத்துத் தர்றேன்க்கா. நீ வளத்துக்கோ" என்று சொன்னது இளையவள்தான். யாரும் பிடுங்கவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. யோசனை அவளுடையதே. அதுதான் கொடுமை. ஆத்திரம் வந்தால் திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லை.

வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் பெற முடியாது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போய் வேறொரு ஊரில் அக்கா பேரைச் சொல்லிச் சேர்ந்தாள். வலி உச்சத்தில் இருக்கும்போது நர்ஸ் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட, இவள் பேசாமல் கிடந்தாள். "வலியில சொந்தப் பேரே மறந்துபோச்சா உனக்கு?" என்று அதட்டினாள் நர்ஸ். மூன்றாம் நாள் வாசலில் மூத்தவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "இனி எந்தக் காலத்திலும் சொல்லமாட்டேன்" என்று அக்கா கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு இளையவள் வேறு பஸ்ஸில் ஏறினாள். சலவைக்கூடத்தில் மஞ்சள்காமாலை என்று சொல்லியிருந்தது. "என்னடி இது, காமாலை வந்தா கன்னம் இப்படி உப்புமா? எங்களுக்கும் கொஞ்சம் குடேன்" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த வகையில் ஊர் நல்ல ஊர்தான்.

முதல் மூன்று மாதம் பால் கொடுக்க அக்கா வீட்டுக்குப் போய்வந்தாள். பிறகு ஒருநாள் மூத்தவள் கதவை முழுசாகத் திறக்காமல், "நீ இனிமே வராதடி. நீ போனப்புறம் அவ அழுகை நிக்கவே மாட்டேங்குது" என்றாள். இளையவள் திரும்பி வந்துவிட்டாள். மார்பில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு வெந்த விரிப்புகளை முறுக்கினாள். ஊரில் எல்லாருக்கும் சின்னவன் என்றால் சின்னவன். அவளுக்கு மட்டும் மனசுக்குள் அவன் நடுவுலவன். ஒரு தடவை வாரியத்து மேலதிகாரி வீட்டுக்கு வந்திருந்தபோது, "நடுவுலவன் எங்கே?" என்று கேட்டுவிட்டாள். மோட்டார்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

இப்போது பெரியவன் கடல் தாண்டிக் கிரேன் ஓட்டுகிறான். சின்னவன் தலைநகரத்தில் கம்பெனி ஒன்றில். தொட்டி நிரம்பி வழிகிறது, குடிக்க ஆளில்லை. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டின வீட்டுக் குழாய்கள் சொட்டுகிற சத்தம் மோட்டார்காரருக்குத் தாங்காது. தெருத்தெருவாகப் போய் வாஷர் மாற்றுவதுதான் ஓய்வுபெற்ற பிறகு அவர் உத்தியோகம்.

வீட்டு வாசலில் மூத்தவள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நனைந்த குடை. முழங்கால் வலியோடு மூன்று தெரு நடந்து வந்திருக்கிறாள் என்றால் சும்மா வரவில்லை. மோட்டார்காரர், "வாங்க மதினி" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதாகப் போய்விட்டார்.

"உள்ள வாக்கா. ஏன் வாசல்ல?"

"கால் மடக்க முடியல. இங்கயே இருக்கேன்."

"சமையல்கட்டுல ஸ்டூல் போடுறேன், வா. கிழங்கும் முட்டையும் பொரிக்கப் போறேன். சாப்பிடு."

"வயித்துல ஒண்ணும் இறங்கலடி."

இளையவள் அடுப்பை மூட்டி உருளைக்கிழங்கை நறுக்க உட்கார்ந்தாள். மூத்தவள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, நறுக்குகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டையெல்லாம் கட்டியாச்சா?"

"பாதி ஆச்சு. அவ புஸ்தகமே நாலு பெட்டி. ஞாயித்துக்கிழமை காலையில ரயில். ஒன்றரை நாளாம். அந்த ஊர்ல குளிர் வேற தாங்காதுங்கறாங்க."

"பெரிய பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சிருக்கு. போகவேண்டியதுதானே. நீயும் கூட இருந்தாத்தான் அவ ஒழுங்காச் சாப்பிடுவா."

இதைச் சொல்லும்போது கத்தி கொஞ்சம் வேகமாகப் போனது. பொடிசு போகிறாள், அக்காவும் போகிறாள். இதுவரைக்கும் மூன்று தெரு தாண்டினால் பார்க்கலாம். ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு முட்டை கொடுக்கிற சாக்கு, கிழிந்த தலையணை உறை தைத்துக் கொடுக்கிற சாக்கு. ஒன்றரை நாள் ரயிலுக்கு எந்தச் சாக்கைச் சொல்வது?

"பதினேழாவது கேள்வி என்னன்னு தெரியுமாடி உனக்கு?" என்றாள் மூத்தவள்.

"எனக்கென்ன தெரியும்?"

"அவ வீட்ல உக்காந்து சத்தம் போட்டுப் படிச்சா. பயிற்சி குடுத்திருக்காங்களாம், மனப்பாடமாத் தெரியணுமாம். கூரை என்ன, தரை என்ன, தண்ணி எங்கேருந்து, எல்லாம் கேட்டுட்டுப் பதினேழாவது பொம்பளைங்ககிட்ட மட்டும் கேக்கறது. உயிரோட பிறந்த பிள்ளைங்க எத்தனைன்னு."

"ம்."

"ம்மா? நேத்து ராத்திரியிலேருந்து எனக்குத் தண்ணிகூட இறங்கல, நீ ம்ங்கறே."

"வேற என்னக்கா சொல்றது? முன்னாடி ரெண்டு தடவையும்தான் கணக்கெடுத்தாங்க. இவரு ரெண்டுன்னாரு. எழுதிக்கிட்டுப் போனாங்க."

"அப்ப வந்தது யாரோ ஒருத்தன். இப்ப வர்றது அவ." மூத்தவள் ஸ்டூலிலிருந்து குனிந்தாள். "உன் தெருவை வேற ஆளுக்கு மாத்திவிடுன்னேன். மாத்திக்க ஒரு வாத்தியாரும் தயாரா இருந்தாரு. மாட்டேன்னுட்டா. 'சித்தி வீட்டு டீயைக் குடிக்காம ஊரை விட்டுப் போவேனா'ங்கறா. எனக்குப் பயமா இருக்குடி. அவளுக்கு எதாச்சும் தெரியுமா தெரியாதான்னுகூட எனக்குத் தெரியல."

"தெரியாது. எப்படித் தெரியும்?"

"நீ என்ன சொல்லப்போறே?"

"ரெண்டு."

"சத்தியமா?"

"இருபத்துநாலு வருஷத்துல ஒரு நாளாச்சும் மாத்திச் சொல்லியிருக்கேனாக்கா?"

மூத்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பேராசைக்காரி இல்லடி. என் வீட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு. எனக்கு இவளை விட்டா யாரு இருக்கா? உனக்கு ரெண்டு பசங்க..."

"பசங்க எங்க இருக்காங்க?"

"எங்க இருந்தா என்ன, அம்மான்னு போன் பண்றாங்கல்ல. நீ பெத்தே, நான் இல்லேங்கல. காய்ச்சல்ல முழிச்சுக்கிடந்தது நான். பல்லு விழுந்தப்ப அழுகையை நிறுத்தினது நான். இடுப்பு வரைக்கும் முடியை வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை பூரா மடியில படுத்துக்குவா, கை வலிக்க வலிக்கப் பேன் பாத்தது நான்..."

"நான் ஒண்ணுமே சொல்லலையேக்கா."

"அதான் பயமா இருக்கு. நீ எப்பவும் ஒண்ணும் சொல்றதில்ல."

காய்ச்சலுக்கு முழித்தது இளையவளைச் சுடவில்லை. அது கஷ்டம். கஷ்டத்தை யாரோ பட்டார்கள், நல்லது. பேன் பார்த்ததுதான் சுட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தலை தன் மடியில் கிடந்திருந்தால்! அவ்வளவு கேட்பது அதிகமா? கிழங்கை எண்ணெயில் போட்டாள். அடுப்புச் சத்தத்தில் அக்கா கிளம்பியது சரியாகக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அக்கா குடையை ஊன்றி ஊன்றித் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தாள். சாப்பிடாமலே போய்விட்டாள்.

இரண்டரை மணிக்குப் பொடிசு வந்தாள். மழைக்கோட்டு, தோளில் ரப்பர் பை, கையில் அட்டை. தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட இளையவளின் கை துண்டு வரைக்கும் போய், துண்டைக் கொடுத்ததோடு நின்றுகொண்டது.

"வாங்க டீச்சர்" என்றார் மோட்டார்காரர். முகச்சவரம் செய்து, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டு, வேலைக்குப் போகிறமாதிரி உட்கார்ந்திருந்தார்.

"என்ன சித்தப்பா, பரீட்சைக்கு வந்தமாதிரி இருக்கீங்க?"

"கவர்மெண்டு கேள்வி கேக்குதுன்னா சும்மாவா? கேளு, கேளு."

பொடிசு நாற்காலியில் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். குரலை மாற்றிக்கொண்டு, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். "நீங்க குடுக்கற தகவலை எந்த ஆபீசுக்கும், எந்த ஆளுக்கும் காட்டமாட்டோம். வேலை, பென்ஷன், வரி எதுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது. வெளியில சொன்னா எனக்குத் தண்டனை உண்டு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, புரிஞ்சுது."

கூரை கேட்டாள், தரை கேட்டாள், அறைகள் கேட்டாள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதும் மோட்டார்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னைப் பார்த்தா கேக்கறே? இந்த ஊர் குடிச்சதெல்லாம் நான் விட்ட தண்ணி! எழுது. வீட்டுக்குள்ள குழாய், இருபத்துநாலு மணி நேரமும்." பொடிசு சிரித்துக்கொண்டே எழுதினாள். டீயை ஒரு மடக்குக் குடித்து, "இதுக்குத்தான் சித்தி வந்தேன்" என்றாள். இளையவள் சுவரோரம் நின்றாள். கேள்விகளை மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு. பதினைந்து. பதினாறு.

"பதினேழு. உயிரோட பிறந்த குழந்தைங்க மொத்தம் எத்தனை?"

"ரெண்டு" என்றார் மோட்டார்காரர், கேள்வி முடியும் முன்பே. "ரெண்டும் பையன். எழுதிக்கோ."

பொடிசு எழுதவில்லை. "இதை உங்ககிட்டக் கேக்கக்கூடாது சித்தப்பா. பெத்தவங்ககிட்டதான் கேக்கணும்."

"போன தடவையெல்லாம் நான்தானே சொன்னேன்?"

"அதனாலதான் இந்தத் தடவை கண்டிப்பாச் சொல்லியிருக்காங்க. சித்தி, நீங்க சொல்லுங்க. எத்தனை?"

"ரெண்டு" என்றாள் இளையவள்.

சொல்லிவிட்டாள். தரையைப் பார்த்தபடி சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. அப்பாடா என்று இருக்கவேண்டும். இல்லை. பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேராக, 'நீ பிறக்கவே இல்லை' என்று சொன்னமாதிரி இருந்தது. முன் இரண்டு தடவையும் வேறு யாரோ சொன்னது. இது அவள் வாயால் சொன்னது.

பேனா இன்னமும் எழுதவில்லை.

"சித்தி, இந்தக் கேள்வியை மட்டும் ரெண்டாவது தடவை கேக்கணும்னு பயிற்சியில சொல்லியிருக்காங்க." பொடிசின் குரல் பழைய ஒப்பிக்கிற குரல்தான். ஆனால் கண் அட்டையை விட்டு எழும்பவில்லை. "நிறையப் பேர் கணக்குல சில பிள்ளைங்களை விட்டுடுவாங்களாம். பிறந்து கொஞ்ச நேரத்துல தவறிப்போனது, தூரமா இருக்கறது, இப்படி. அதனால தனித்தனியாக் கேக்கணும். உயிரோட பிறந்து, அப்புறம் தவறிப்போன குழந்தை உண்டா?"

"இல்ல."

"உங்களுக்குப் பிறந்து, வேற வீட்டுல வளந்த குழந்தை யாராச்சும் உண்டா?"

மோட்டார்காரர் நாற்காலியில் அசைந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. இளையவள் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கட்டைவிரல் அட்டையின் நனைந்த ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. தெரிந்துதான் வந்திருக்கிறாள். தெருவை மாற்றிக்கொள்ளாமல், மழையில் நனைந்து, முப்பது வீடு கேள்வி கேட்டுவிட்டு, இந்த ஒரு வீட்டில் இந்த ஒரு கேள்வியைக் கேட்க வந்திருக்கிறாள். எப்போது தெரிந்ததோ, யார் சொன்னார்களோ. எத்தனை நாள் மனசில் வைத்துக்கொண்டு 'சித்தி, சித்தி' என்று வந்துபோனாளோ!

"உண்டு" என்றாள் இளையவள்.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

"வயசு?"

"இருபத்துநாலு முடிஞ்சு இருபத்தஞ்சு நடக்குது. செவ்வாய்க்கிழமை. காலையில ஒன்பதே கால் மணி. இன்னைக்கு மாதிரித்தான், வெளியில ஒரே மழை. ஆஸ்பத்திரி ஜன்னல்ல ஒரு கண்ணாடி உடைஞ்சிருந்துச்சு, அதுல அட்டை வச்சு அடைச்சிருந்தாங்க. ரெண்டேகால் கிலோ. இடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம். அழவே இல்ல. நர்ஸு கால்ல சுண்டினதும் ஒரு தும்மல்தான் போட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம்தான் அழுதுச்சு..."

அணையை உடைத்துக்கொண்டு வந்தது. நிறுத்தத் தெரியவில்லை அவளுக்கு. படிவத்தில் வயதுக்கு இரண்டே கட்டம்தான். மற்றதற்கெல்லாம் இடமே இல்லை. பொடிசு இருபத்துநாலு என்று எழுதினாள். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஓரத்து வெள்ளையில் பொடியெழுத்தில் செவ்வாய், ஒன்பதே கால், மழை, தும்மல் என்று எழுதிக்கொண்டே போனாள்.

"அதெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டாள் இளையவள்.

"எழுதக்கூடாது. ஆபீசுல அழிச்சிடுவாங்க."

மோட்டார்காரர் தொண்டையைச் செருமினார். இருவரும் திரும்பினார்கள். பென்ஷன் என்று ஏதோ சொல்லப்போகிறார் என்று இளையவள் நினைத்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு" என்றார். "ஊர் முழுக்கத் தண்ணி இல்ல. அதனாலதான் என்னால வந்து பாக்க முடியல. இல்லேன்னா... வந்திருப்பேன்." சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அங்கே சொட்டுகிற குழாய் எதுவும் இல்லை.

பொடிசு ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி டீச்சர் ஆனாள். "திருப்பிப் படிச்சுக் காட்டணும். சரியான்னு சொல்லுங்க. உயிரோட பிறந்தது மூணு."

"மூணு."

"இப்ப உயிரோட இருக்கறது மூணு."

"நல்லா இருக்கட்டும். மூணு."

"அதுல இப்ப உங்ககூட, இந்த வீட்டுல இருக்கறது?"

இளையவள் எதிரே உட்கார்ந்திருந்தவளை ஒரு கணம் பார்த்தாள். "யாரும் இல்ல" என்றாள்.

பொடிசு சைபர் போட்டாள். கடைசியில் இன்னும் ஒரு கட்டம் இருந்தது. கேள்விக்குப் பதில் சொன்னது யார் என்று எழுதவேண்டிய இடம். அதில் நிதானமாக, அழுத்தி, குழந்தைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவதுபோல எழுதிவிட்டு அட்டையைத் திருப்பிக் காட்டினாள். "தாய், நேரில்" என்றிருந்தது. இளையவள் அந்த எழுத்தைத் தொடப்போய், மை கலைந்துவிடும் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அம்மா பயந்துகிட்டு உக்காந்திருப்பாங்க" என்று பையை மாட்டிக்கொண்டாள் பொடிசு. "முடிச்சுட்டுச் சீக்கிரம் போகணும்."

"அக்காகிட்ட என்ன சொல்லுவே?"

"யார்கிட்டயும் எதுவும் சொல்லக்கூடாதுன்னு சட்டம் இருக்கே சித்தி."

"அடுத்து எப்ப எடுப்பாங்க இந்தக் கணக்கு?"

"பத்து வருஷம் கழிச்சு."

"நீதான் வருவியா?"

பொடிசு மழைக்கோட்டுப் பொத்தான்களைப் போட்டாள். வாசலில் செருப்பை மாட்டுகிறவரைக்கும் இளையவளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு, "வரேன் சித்தி" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குள் போனாள்.

மோட்டார்காரர் பின்கட்டிலிருந்து வந்தார். ஸ்பேனர் ஈரமில்லாமல் அப்படியே கையில் இருந்தது.

"உங்க அக்கா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிக் குடுத்தியே" என்றார் மெதுவாக.

"பண்ணினேன். நான் யார்கிட்டச் சொன்னேன்? கவர்மெண்டுகிட்டதானே சொன்னேன்" என்றாள் இளையவள். சொல்லிவிட்டு, கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல், வாசலில் நின்றபடியே ஓவென்று அழுதாள்.